மின்பெட்டியும் அதன் மேடையும்

நகரங்களில் வாழ்வோர் நாள்தோறும் கடந்து செல்லும் பொருள்களுள், தெருவோரத்தில் நிற்கும் இரும்புப் பெட்டிகளைப் போல் கவனிப்பாரற்றவை வேறில்லை எனலாம். மின்சாரத்தை வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பெட்டி ஒன்று. சென்னையில் இதனைப் பில்லர் பெட்டி என்பர், தில்லியில் ஃபீடர் பில்லர் என்பர். தொலைபேசிக் கம்பிகளும் ஒளியிழைக் கம்பிகளும் வந்து கூடும் பெட்டி மற்றொன்று. மின்மாற்றியையும் அதற்குரிய விசைக் கருவிகளையும் ஒருங்கே அடைத்து வைத்த பெரும்பெட்டி வேறொன்று. இப்பெட்டிகளுக்குள் உள்ளவற்றைப் பற்றி அறிந்தோர் பலர் விரிவாகப் பேசியிருக்கின்றனர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பெட்டிக்குக் கீழே உள்ளதைப் பற்றி.

நாம் பொறியாளர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர். ஆயினும் ஒப்பந்த அறிவிப்புகளும், கருவிகளின் விவரக் குறிப்புகளும், பாதுகாப்பு விதிகளும் நம் மேசைக்கு வந்த வண்ணமாகவே உள்ளன. ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் தேட வேண்டுமாயின் அச்சொல் குறிக்கும் பொருளை முதலில் அறிந்தாக வேண்டும். அவ்வகையில் இந்த மேடையைப் பற்றி நாம் அறிந்துகொண்டது பெரிது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர், திண்டு, மெத்தை முதலியவற்றையும் குறிக்கும் பெயராகும். அகராதியை மட்டும் நம்பினால் மின்மாற்றியை மெத்தைமேல் அமர்த்த நேரிடும்! கொத்தனார்களோ இதனை மேடை என்றே சொல்லுகின்றனர். அந்தச் சொல்லே நமக்குப் போதும்.

பெயரினும் பெருந்தொல்லை தருவது வேறொரு சொல். விவரக் குறிப்புகளில், பெட்டியின் தகட்டுக் கனம் எத்தனை மில்லிமீட்டர், பூசும் வண்ணம் எது, பூட்டு எவ்வகையது என்பனவெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கும். இறுதியில், 'தகுந்த அடித்தளத்தின்மேல் நிறுவப்பட வேண்டும்' என்று ஒரு வரி நிற்கும். தகுந்தது என்று தீர்மானிப்பவர் யார்? பெட்டி செய்தவர், நிலத்தை அறியாதவர். நிலத்தை அறிந்த கொத்தனார், பெட்டியைக் காணாதவர். மின்துறைக்கு ஒரு கணக்கு, கட்டடத் துறைக்கு மற்றொரு கணக்கு. இருவருக்கும் நடுவே, அந்த ஒரு சொல்லின் நிழலில், செங்கல்லை நான்கு வரிசை அடுக்கி மேலே சிமெண்டு பூசி, அதுவே மேடை என்று முடித்துவிடுகின்றனர். அச்சொல்லை நீக்கிவிட்டு அவ்விடத்தில் எவற்றை எழுத வேண்டும் என்பதே நமது கேள்வி. குடியிருப்புச் சங்கங்களும், ஊராட்சிகளும், சிறு தொழிற்சாலை நடத்துவோரும் தத்தமக்கென மின்மாற்றியோ மின்னாக்கியோ வாங்கி நிறுவும் இக்காலத்தில், இக்கேள்வி பொறியாளருக்கு மட்டும் உரியதன்று.

பெட்டியின் எடையைத் தாங்கும் வலிமையே மேடைக்கு முதன்மை என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று டன் எடையுள்ள பெட்டி ஒன்று, இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள மேடைமேல் அமர்கின்றது எனக் கொள்வோம். பரப்பு மூன்று சதுர மீட்டர். எனவே சதுர மீட்டர் ஒன்றுக்கு ஒரு டன். மேடை 30 செண்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டாயின் அதன் சொந்த எடை முக்கால் டன். ஆக, நிலத்தின்மேல் விழும் பாரம் சதுர மீட்டருக்கு ஒன்றே முக்கால் டன். இனி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரு காலூன்றி நிற்கும்பொழுது அவர் பாதங்கள் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 300 சதுர செண்டிமீட்டர். அவர் நிலத்தின்மேல் சுமத்தும் பாரம் சதுர மீட்டருக்கு இரண்டு டன் ஆகின்றது! மென்மையான களிமண்ணும் ஐந்து டன் அளவு தாங்கக்கூடியதே. ஆகவே, எடையினால் மட்டும் மேடை அமிழ்ந்து போவது அரிது. மேடைகள் கெடுவதற்குக் காரணம் எடை அன்று. நிலம் ஒருபுறம் போல் மறுபுறம் இல்லாமையும், நீரும் ஆகும்.

தெருவோரத்து நிலம் என்பது இயற்கையான நிலமே அன்று. குடிநீர்க் குழாய்க்கென ஒருமுறை, கழிவுநீருக்கென மறுமுறை, ஒளியிழைக் கம்பிக்கென மற்றொருமுறை எனத் தோண்டித் தோண்டி மூடிய நிலம் அது. மூடும்பொழுது திமிசுக்கட்டை கொண்டு அடுக்கடுக்காக இடித்து இறுக்குவோர் மிகச் சிலர். மண்ணைத் தள்ளிவிட்டு, வண்டிகள் ஓடி ஓடித் தானே இறுகும் என்று விட்டுவிடுவோரே பலர். அத்தகைய பழைய பள்ளத்தின்மேல் பாதியும், தோண்டாத நிலத்தின்மேல் பாதியுமாக ஒரு மேடை அமையுமாயின், முதல் மழைக்காலத்திலேயே பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும்.

இரண்டு விரற்கடை சாய்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கதவின் சட்டம் கோணும். கோணிய கதவு பூட்டுக்குள் பொருந்தாது. பொருந்தாத கதவைப் பணியாளர் கம்பியாலோ கயிற்றாலோ கட்டி வைப்பர். கயிறு நைந்ததும் கதவு திறந்தே கிடக்கும். உள்ளே 415 வோல்ட் மின்சாரம் ஓடும் செப்புப் பட்டைகள், தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளின் கைக்கெட்டும் தொலைவில் நிற்கும். கீழிருந்து ஏறிவரும் கேபிளும் வாளா இராது. மேடை இறங்க, கேபிள் இழுபட, அது பெட்டிக்குள் நுழையும் வாயில் இறுக்கிய கிளாண்டு தளர, அவ்வழியே ஈரமும் எலியும் உட்புகும். மழைக்காலந்தோறும் மின்கசிவால் உயிரிழந்தோரைப் பற்றிய செய்திகளை நாம் படிக்கின்றோம். பல செய்திகளில் காரணம் 'மின்கசிவு' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றது. அக்கசிவு சாய்ந்த மேடையொன்றிலிருந்தும் தொடங்கக்கூடும்.

ஆதலால் முதலில் எழுத வேண்டியது மேடையின் அளவன்று. மேடைக்குக் கீழுள்ள மண்ணை என்ன செய்வது என்பது. மேல்மண்ணையும் குப்பையையும் வேர்களையும் நீக்கி, கலையாத நிலம் தென்படும் வரை தோண்ட வேண்டும். அது மிக ஆழத்தில் இருக்குமாயின், சரளை மண்ணையோ ஜல்லிக் கலவையையோ 15 முதல் 20 செண்டிமீட்டர் கனத்துக்கு ஒரு படிவமாகப் பரப்பி, ஒவ்வொரு படிவத்தையும் நனைத்து இடித்து மேலேற வேண்டும். அதன்மேல் மெலிந்த கான்கிரீட்டால் சமன்படுத்தி, பிறகே கம்பி கட்டுதல் முறை. இதனைச் செய்ய ஆகும் செலவு பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆனால் மண்ணுக்குள் மறைந்துபோகும் வேலை ஆதலால் முதலில் சிக்கனம் பிடிக்கப்படுவதும் இதுவே.

கரிசல் நிலத்தின் இயல்பு தனியானது. மகாராட்டிரத்தின் விதர்ப்பம், மத்தியப் பிரதேசத்தின் மாளவம், குஜராத்தின் சௌராட்டிரம், தெலுங்கானம், வட கருநாடகம், தமிழ்நாட்டில் கோவிற்பட்டி வட்டாரம் ஆகியவற்றில் பரந்து கிடக்கும் இம்மண், நீரைக் குடித்து வீங்கும். கோடையில் வறண்டு கையளவு வெடிப்பாகப் பிளக்கும். வீங்கும்பொழுது அது மேல்நோக்கித் தள்ளும் விசை சதுர மீட்டருக்குப் பல டன் ஆகும். நம் மேடையும் பெட்டியும் சேர்ந்து அழுத்துவதோ ஒன்றே முக்கால் டன்! ஆகவே கரிசலில் மேடை அமிழ்வதில்லை, தூக்கி எறியப்படுகின்றது. அதுவும் சமமாகவன்று. மேடையின் ஓரங்களில் ஈரம் முதலில் சேர்வதால் ஓரங்கள் எழும்பி நடு தாழும். கோடையில் ஓரங்கள் முதலில் உலர்வதால் நடு உயர்ந்து நிற்கும். மூன்று மாடிக் கட்டடம் தன் பாரத்தால் ஓரளவு இதனை எதிர்த்து நிற்கும். இலேசான மின்பெட்டியால் இயலாது. கான்கிரீட்டை இன்னும் பத்து செண்டிமீட்டர் தடிப்பாக்கினால் சரியாகும் என்று நம்புவது வீண்.

இதற்கு நம் நாட்டிலேயே இரு நல்ல வழிகள் ஆராய்ந்து கண்டறியப்பட்டிருக்கின்றன. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்தது, அடியில் குடம் போல் விரிந்த கான்கிரீட்டுத் தூண் முறை. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்தில், பருவ மாற்றம் எட்டாத மண்ணில் அத்தூணின் விரிந்த பகுதி ஊன்றி நிற்கும். மேலே மண் வீங்கினாலும் அது தூணை மேலே இழுத்துவிட முடியாது. மேடைக்கும் மண்ணுக்கும் இடையே சிறிது வெற்றிடம் விட வேண்டும் என்பது இதில் மறக்கலாகாத செய்தி; வெற்றிடம் இல்லையேல் வீங்கும் மண் மேடையின் அடியிலேயே முட்டும். மற்றொரு வழி, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். கே. கட்டி ஆராய்ந்து சொன்னது. கரிசலை ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு அகற்றிவிட்டு, ஒட்டும் தன்மை உடையதும் ஆனால் வீங்காததுமான மண்ணை அவ்விடத்தில் இட்டு இறுக்குதல். தனித்த சிறு பெட்டிக்குப் பின்னதும், பெரிய மின்மாற்றி மேடைக்கு முன்னதும் பொருந்தும் என்பது நம் எண்ணம். வெறும் மணலை மட்டும் நிரப்புவோரும் உளர். மணல் வழியே நீர் எளிதாக இறங்கி, கீழே எஞ்சியுள்ள கரிசலுக்கே நேராகச் சேரும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இனி மேடையின் உயரம். 2005 ஜூலை 26 அன்று பம்பாயின் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தெருக்களை மூடியது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. இத்தகைய நாள்களில் பெட்டிக்குள் நீர் புகுமுன் மின்சாரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. நிறுத்தினால் மருத்துவமனையும் நீரேற்றும் நிலையமும் இருளில் ஆழும். எனவே மேடை, அவ்விடத்தில் மக்கள் நினைவிலுள்ள மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேலே தலை தூக்கி நிற்க வேண்டும். அந்த மட்டத்தை அறிய பெருங்கருவி எதுவும் வேண்டா. அத்தெருவில் முப்பதாண்டு குடியிருந்த மூதாட்டி ஒருவரைக் கேட்டால், சுவரில் கை வைத்துக் காட்டுவார். சாலையை மீண்டும் மீண்டும் தார் போட்டு உயர்த்தும் பழக்கம் நம் நாட்டில் உண்டு ஆதலின், அதற்கென ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுதலும் நன்று.

உயர்த்துவதிலும் ஒரு வரம்பு உண்டு. மேடை மார்பளவு உயர்ந்தால், பணியாளரின் கை விசைப்பிடிக்கு எட்டாது. மழையில் ஏணி வைத்து ஏறி மின்விசையைத் தொடுவது பேராபத்து. நிற்பதற்கு அகன்ற படி ஒன்று அமைக்கலாம். ஆனால் அகன்ற படி அமைத்த இடத்தில் மறுநாளே பூக்கூடையும், அதற்கு மறுநாள் தேநீர் அடுப்பும் வந்து சேரும். இது ஏளனமன்று, நிழலும் திண்ணையும் இல்லாத நகரத்தில் உழைப்பவர் உட்கார இடம் தேடுவது இயற்கை. ஆகவே, பெட்டியின் மூன்று பக்கங்களிலும் மேடை விளிம்பு ஒரு விரலளவுக்கு மேல் நீளாமலும், கதவுள்ள பக்கத்தில் மட்டும் ஒருவர் நிற்குமளவு படி அமைத்தும் கட்டுவது தக்கது. நடைபாதையில் நிறுவும்பொழுது, நடப்போருக்கு 1.8 மீட்டர் அகலம் தடையின்றி விட வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறை கூறுகின்றது. கோல் ஊன்றி வரும் பார்வையற்றவரை மின்பெட்டியைச் சுற்றிச் சாலைக்குள் இறங்கி நடக்கச் செய்யும் மேடை, எத்துணை உறுதியாயினும் நல்ல மேடை ஆகாது.

எடை பெரிதன்று என்று முன்னர்க் கூறினோம். காற்றடிக்கும் கடற்கரையில் மட்டும் அக்கூற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டியுள்ளது. ஒடிசாவைத் தாக்கிய 2019 மே மாதத்து ஃபானி போன்ற புயல்களை நினைவிற்கொள்க. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, எதிர்நிற்கும் பரப்பின்மேல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் தரும். இரண்டு மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள தொலைத்தொடர்புப் பெட்டியின்மேல் அது 360 கிலோ ஆகும். அரை மீட்டரே ஆழமுள்ளதும் 200 கிலோவே எடையுள்ளதுமான அப்பெட்டி, தன் எடையை நம்பி நிற்க முடியாது. மேடையின் எடையை இரவல் பெற்றே நிற்க வேண்டும். இரவல் கொடுக்கும் கை, நான்கு போல்ட்டுகள்.

அப்போல்ட்டுகளைக் கான்கிரீட் வார்க்கும்பொழுதே சரியான இடத்தில் நிறுத்த, பெட்டியின் அடிச்சட்டத்துத் துளைகளை அப்படியே காட்டும் தகட்டு அச்சு வேண்டும். அச்சு வந்து சேருமுன் மேடை முடிந்துவிடுவது நம் நாட்டில் வழக்கமாக நடப்பது. அப்பொழுது துளையும் போல்ட்டும் பொருந்தாமல், போல்ட்டை அறுத்துவிட்டுப் பெட்டியை வெறுமனே வைத்துவிடுகின்றனர். அச்சு கிடைக்காதவிடத்தில், போல்ட்டுக்குரிய குழிகளை மட்டும் விட்டு வார்த்து, பெட்டி வந்தபின் ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, சுருங்காத காரையால் குழிகளை நிரப்புவது ஏற்ற வழி.

மேடையை எதனால் செய்வது என்பதில் இப்பொழுது நான்கு வகைகள் வழங்குகின்றன. செங்கல் மேடை மலிவானது, ஈரத்தை உறிஞ்சும், சிறு பெட்டிக்கன்றி ஆகாது. அவ்விடத்திலேயே வார்க்கும் கான்கிரீட் எவ்வடிவத்துக்கும் இசையும். பெரிய பெட்டிகளுக்கு இதுவே ஏற்றது. ஆயின் அதன் தரம் அன்றைய மேற்பார்வையைப் பொறுத்தது. தொழிற்சாலையில் முன்வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் பலகை, தரத்தில் ஐயமில்லாதது, ஒரே நாளில் அமர்த்தக்கூடியது. ஆனால் அதை இறக்கக் கிரேன் வேண்டும். கிரேன் நுழையாத சந்துகள் பழைய தில்லியிலும் காசியிலும் எத்தனையோ. நான்காவது, பிளாஸ்டிக்காலோ கண்ணாடி இழையாலோ செய்த இலேசான மேடை. நால்வர் தோளில் சுமந்து மலைமேல் ஏற்றிவிடலாம், துருப்பிடிக்காது. விற்பனையாளர் இதனை வானளாவப் புகழ்வர். அப்புகழ்ச்சியில் இரண்டு செய்திகள் விடுபட்டுப் போவதுண்டு. ஒன்று, நம் வெயிலில் நொறுங்காதிருக்க அதற்கெனச் சேர்மானம் வேண்டும். மற்றொன்று, உட்குடைவான மேடை வெள்ளத்தில் மிதக்கும். 1.2 மீட்டர் சதுரமும் 60 செண்டிமீட்டர் உயரமும் உள்ள மூடிய பெட்டகம் முழுதும் நீரில் ஆழ்ந்தால், நீர் அதனை 860 கிலோ விசையோடு மேலே தூக்கும். மேலிருக்கும் 200 கிலோப் பெட்டி அதனைத் தடுக்காது. எனவே நீர் உட்புகுந்து வெளியேறத் துளைகளும், நிலத்தோடு பிணிக்கும் ஆணிகளும் இன்றி இவ்வகையைத் தாழ்ந்த பகுதிகளில் ஏற்கலாகாது.

கேபிள்களைப் பற்றி ஒரு சொல். உயர் அழுத்தக் கேபிளை மனம் போல் வளைக்க இயலாது. அதன் விட்டத்தைப் போல் 12 முதல் 15 மடங்கு ஆரமுள்ள வளைவு வேண்டும். 8 செண்டிமீட்டர் விட்டமுள்ள கேபிளுக்கு அது ஏறத்தாழ ஒரு மீட்டராவது ஆகும். இதனை எண்ணாமல் மேடைக்குள் விட்ட பள்ளம் ஆழம் போதாதாயின், கேபிளை முறித்து வளைத்து நுழைப்பர். அம்முறிவு சில ஆண்டுகள் கழித்து வெடிப்பாக வெளிப்படும். கேபிள் நுழைந்தபின் குழாய் வாய்களை அடைக்காமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. பாம்பும் எலியும் வெப்பம் நாடி மேலேறி, தாமும் மாண்டு ஊரையும் இருளாக்குகின்றன. இரும்புப் பெட்டியாயின் நிலத்தோடு இணைக்கும் எர்த் பட்டைகள் தனித்தனியே இரண்டு வேண்டும். அவை வெளிவரும் வழியையும் வார்க்கும்பொழுதே விட்டுவைத்தல் நலம். பின்னர் மேடையை உடைத்து வழி செய்தால், அவ்வுடைப்பின் வழியே நீர் கம்பியை அடையும்.

கம்பியைச் சுற்றி 5 செண்டிமீட்டர் கான்கிரீட் காப்பாக இருத்தல், வார்த்தபின் குறைந்தது ஏழு நாள்களும், சாம்பல் கலந்த சிமெண்டாயின் பத்து நாள்களும் ஈரச்சாக்கு போட்டு நீர் விடுதல் ஆகியவை எல்லாக் கொத்தனாரும் அறிந்தவை. தெருவோர மேடைக்கு நீர் விடுவது யார் பொறுப்பு என்பதுதான் எழுதப்படுவதில்லை. கட்டிய அணி மறுநாள் வேறு தெருவுக்குப் போய்விடும். எதிர்வீட்டுக்காரரிடம் இரண்டு குடம் நீர் கேட்டு ஏற்பாடு செய்த மேற்பார்வையாளரை நாம் அறிவோம். அவர் செய்ததை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்து, அதற்கு ஒரு சிறு தொகையும் ஒதுக்கலாம். அவ்வாறே, முதல் மழைக்காலம் கழிந்ததும் ஒருமுறை வந்து, மேடைமேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, அளவைக் குறித்துக் கையொப்பமிட்ட பின்னரே கடைசித் தவணைப் பணம் வழங்கப்படும் என்றும் ஒரு வரி எழுதலாம். 'தகுந்த அடித்தளம்' என்பதை அடித்துவிட்டால் தாளில் கிடைக்கும் இடம், இவ்விரு வரிகளுக்கும் போதுமானதே.